நகராட்சி வாசலில் மூன்று தகடுகள்

டென்மார்க்கில், யூட்லாந்து தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஒரு சிறிய துறைமுக ஊர். அதன் நகராட்சிக் கட்டடத்தில் வெர்னர் இருபத்திரண்டு வருடம் பராமரிப்பு வேலை பார்த்தார். பனி வாருவது முதல் கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவது வரை எல்லாம் அவர் பொறுப்பு.

அதன் வாசலில் ஒரு நவீனச் சிற்பத்தை நிறுத்தியபோது ஊரோடு சேர்ந்து அவரும் சிரித்தார். உயரமான கம்பத்தின் உச்சியில் கத்தி போல மூன்று நீண்ட எஃகுத் தகடுகள். காற்றடித்தால் ஒன்றையொன்று உரசாமல் மெல்லச் சுழலும்.

"என்ன வெர்னர், ஒங்க கத்தியில மீன் வெட்டலாமா?" என்பார்கள் துறைமுகத்து ஆட்கள்.

"வெட்டலாமே, மீன் அவ்ளோ ஒசரம் குதிச்சா."

பிறகு அவர் மனைவி டாக்னிக்கு நினைவு தப்பத் தொடங்கியது. இரண்டு முறை அடுப்பை அணைக்காமல் விட்டாள். தனியே விட முடியாமல் வேலைக்குக் கூட்டிவந்து, சிற்பத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார வைத்தார். வீட்டில் ஐந்து நிமிடம் நிலைகொள்ளாமல் அம்மாவைத் தேடி அழுகிறவள், அங்கே மணிக்கணக்கில் அமைதியாக இருந்தாள்.

"பாரு, அது இதுக்கு வழி விடுது. இடிக்கவே இடிக்காது," என்பாள்.

வருடம் ஒருமுறை ஏணி வைத்து ஏறிக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தவர், மாதம் இருமுறை ஏறினார்.

அவள் வரத் தொடங்கிய இரண்டாம் வருடம், நவம்பர்ப் புயலில் ஒரு தகட்டின் பேரிங் தேய்ந்துபோனது. அலுவலக மேலாளர் லிஸ்பெத் அவரைக் கூப்பிட்டாள்.

"மூணையும் அசையாம முடுக்கிடுங்க, வெர்னர். யார் தலையிலயாவது விழுந்துட்டா?"

"பேரிங் மாத்தினா போதுமே."

"கேட்டுப் பாத்தேன். நகர மன்றத்துல ஒத்துக்கல." ஜன்னல் வழியே பெஞ்சைப் பார்த்தவள் குரலைத் தாழ்த்தினாள். "வேற ஆளக் கூப்பிடட்டுமா?"

"வேணாம். நானே செய்றேன்."

டாக்னி உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஏறி, போல்ட்டுகளை முடுக்கினார்.

மறுநாள் காலை அவள் தலையில் கட்டியிருந்த துணியைக் காற்று பிய்த்துக்கொண்டிருந்தது. அவள் அண்ணாந்தபடி வெகுநேரம் காத்திருந்தாள்.

"இன்னைக்குக் காத்து இல்லையா, வெர்னர்?"

"இல்ல கண்ணு."

"நாளைக்கு வருமா?"

"வரும்."

இரண்டு வாரம் தினமும் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டாள். பெஞ்சில் உட்காரவும் மாட்டேன் என்று எழுந்து நடக்க ஆரம்பித்தாள். ஒரு மத்தியானம் படகுத்துறையின் விளிம்பில் நின்றவளை, கேலி பேசிய அதே ஆட்கள் கைப்பிடித்து அழைத்துவந்து விட்டார்கள்.

ஈஸ்டர் கழிந்ததும் முதியோர் இல்லத்தில் சேர்த்தார். எப்படியும் நோய் முற்றியிருக்கும் என்றார் மருத்துவர். வெர்னர் தலையாட்டினார். ஆனால் அன்று 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற எண்ணம் மட்டும் அவரை விடவே இல்லை.

தினமும் வேலை முடிந்து நேரே அங்கே போவார். ஒருநாள் டாக்னி அவருடைய சீருடையைப் பார்த்துவிட்டு மரியாதையாகச் சொன்னாள்:

"நகராட்சியில இருந்து வந்திருக்கீங்களா? ரொம்ப நேரமா ஒக்காந்திருக்கீங்க. ஒங்க வீட்டுல தேடுவாங்க, கெளம்புங்க."

"பரவால்லங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல," என்றார் வெர்னர். ராத்திரிச் சாப்பாட்டு வண்டி வரும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.