யாருடைய இடது கால்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது என் நாத்தனார் பிள்ளை. எல்லாருக்கும் எது இடக்கை, எது சோற்றுக்கை என்று சொல்லித்தான் வளர்த்தேன். அது எவ்வளவு தூரம் மண்டையில் ஏறியது என்பதை என் இடது முழங்கால் பார்த்துவிட்டது.

பேத்தி ஏனாத்தூரில் பிசியோதெரபி படிக்கிறாள். பாடம் ஒப்பிக்க வீட்டில் அவளுக்குக் கிடைத்த பொம்மை நான்.

“ஆயா, நேரா நில்லு. காலச் சேத்து வை. உள்ளங்கைய முன்னாடி திருப்பு.”

“யாரண்ட கை ஏந்தச் சொல்ற?”

“புக்குல உடம்பு இப்படித்தான் நிக்கும். நீ படுத்துக்கினு இருந்தாலும் இப்படி நிக்கறதா நெனச்சித்தான் பேர் சொல்லணும்.”

புத்தகத்து உடம்புக்கு வேறு வேலை இல்லை. எங்கள் தெருவில் தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டுக் குனிந்த முதுகு நிமிர்வதற்குள் சோற்றுக்கு நேரமாகிவிடும். புத்தகத்து உடம்பை நெடுக்கே வெட்டினால் ஒரு பெயர், குறுக்கே வெட்டினால் ஒரு பெயர். மூக்கு கன்னத்துக்கு உள்பக்கமாம், காது வெளிப்பக்கமாம். இதைச் சொல்லித்தர பஸ் வைத்து அழைத்துப் போகிறார்கள்.

“வலது இடதுன்னா பாக்கறவங்களுது இல்ல ஆயா, அந்த உடம்போடது.”

“சாமிக்கு வலப்பக்கம்னா சாமியோட வலப்பக்கம்தான். இதுக்கு ஒரு காலேஜா?”

அவள் புத்தகத்தில் அடுத்த தாளைப் புரட்டினாள்.

பிறகு என் இடது முட்டி வீங்கியது. மகன், இவளுடைய அப்பன், செவிலிமேட்டுப் பக்கம் ஒரு எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனான். சின்ன வயதுக்காரர். என்னிடம் “உக்காருங்கம்மா” என்றதோடு சரி. மற்றதையெல்லாம் மகனிடம்தான் கேட்டார், முட்டி அவனுடையது போல. கேட்காத இடத்தில் நான் வாய் திறப்பதில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“வலி எந்த எடத்துல, காட்டுங்க” என்றார் அவனிடம்.

அடுத்தவர் நோவைத் தன் உடம்பில் தொட்டுக் காட்டினால் அது தனக்கும் வந்துவிடும் என்று எங்கள் வீட்டில் காட்டமாட்டோம். அந்த ஒன்றை மட்டும் அவன் மறக்கவில்லை. எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த படத்தில் காட்டினான். தோல் உரித்த ஆள் ஒருவன் உள்ளங்கையைத் திருப்பிக்கொண்டு நம்மைப் பார்த்து நிற்கிறான். மகன் தன் இடக்கைப் பக்கம் இருந்த முட்டியில் விரலை வைத்து, “இங்கதான் சார், உள்பக்கமா” என்றான். படத்தில் நிற்கிறவனுக்கு அது வலது கால். டாக்டரும் வலது என்றே சீட்டில் எழுதினார். புடவையைத் தூக்கிப் பார்க்க அவருக்குக் கூச்சம்.

ஊசி போடலாம் என்று மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். நர்ஸ் பெண் புடவையை ஒதுக்கினாள். ஜில்லென்று பஞ்சு வலது முட்டியில் பட்டது. காலை மடக்கிக்கொண்டேன்.

“பயப்படாதீங்கம்மா, எறும்பு கடிக்கற மாதிரிதான்” என்றார் டாக்டர்.

“கடிக்கட்டும்பா. நோவுற காலக் கடிக்கச் சொல்லு. இது நல்ல காலு.”

டாக்டர் சீட்டைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். மகன் படத்தைப் பார்த்தான். என் காலை அப்போதும் யாரும் பார்க்கவில்லை.

“மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா.”

“மொதல்லயே கேட்டிருக்கலாமேப்பா.”

ஊசி இடது முட்டியில் ஏறியது. வீட்டுக்கு வந்து பேத்தியிடம் சொன்னேன். அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “நைனா, இங்க வா. நேரா நில்லு. உள்ளங்கையக் காட்டு” என்றாள். ஐம்பது வயதுக்காரன் நின்றான். அவள் எதிரே நின்றுகொண்டு, “இப்ப என் வலது கைக்கு நேரா இருக்கறது உன்னோட எந்தக் காலு?” என்றாள். அவன் யோசித்தான். வெகுநேரம் யோசித்தான்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். எனக்குக் கையெழுத்துப் போட வரும். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் விளக்கு வைத்துவிடுவார்கள். படித்துக் காட்டுடி, எந்தக் கால் என்று எழுதியிருக்கிறாய் பார்ப்போம். என்ன இருந்தாலும் அவன் பெற்ற பெண்தானே நீ.