கதவு வைத்த கிரில்

தாச்சியில் கடுகு வெடிக்கிற சத்தம்... ஆனால் சமையலறையில் இருந்து இல்லை, முற்றத்தில் இருந்து. கூடவே எரிந்த பெயின்ட் வாசனை. கட்டுகஸ்தோட்டை வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்த இரண்டும்தான்.

என் வீட்டுக்காரர் கட்டாரில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு வந்தவர். எல்லாரும் டிவி, சென்ட், கம்பளி என்று கொண்டுவருவார்கள். இவர் ஒரு சிவப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மலிவான சைனா வெல்டிங் மெஷின். உள்ளே ஒரு வயர் சுருள், விசையை அழுத்தினால் வயர் தானாகவே வெளியே வந்து உருகி ஒட்டும். கேஸ் சிலிண்டர்கூடத் தேவையில்லையாம்.

"கைக்கு வேலையே இல்ல புள்ள, சும்மா புடிச்சிக்கிட்டிருந்தா போதும்" என்றார்.

சும்மா பிடித்ததில் முதல் நாளே இரும்பில் ஓட்டை. இரண்டாம் நாள் வயர் உள்ளேயே சுருண்டு இடியாப்பம் ஆனது. மெஷினைப் போட்டால் வீட்டு பல்பு மங்கும், பக்கத்து வீட்டு டிவியில் கோடு கோடாக ஓடும். அந்த வீட்டு நந்தா அக்கா கோபப்படவில்லை. நாடகம் போகிற நேரத்தில் மட்டும் வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

நான் இவரை "பாஸ்" என்று கூப்பிட ஆரம்பித்தேன். நம்ம ஊரில் மேசன், தச்சன், வெல்டிங்காரர் எல்லாருக்கும் அதுதானே பட்டம். மனிதருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

பூச்சாடி ஸ்டாண்ட், செருப்பு ராக்கை, கோழிக்கூட்டுக் கதவு... கொஞ்சம் கோணலாக இருந்தாலும் எல்லாம் நின்றன.

பிறகுதான் டவுனில் குண்டு வெடித்தது. அதற்கடுத்த நாட்கள் எப்படி இருந்தன என்பது அங்கே இருந்த தமிழருக்குத் தெரியும். பஸ்ஸில் சத்தமாகப் பேச மாட்டோம். ஐசியை, அதுதான் அடையாள அட்டையை, கையிலேயே வைத்திருப்போம். தமிழர் வீடுகளுக்கு ஏதாவது நடக்கும் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள்.

இவர் லாரியில் கம்பி இறக்கினார். எல்லா ஜன்னலுக்கும் கிரில் போடுவதாக முடிவு. லீவு போட்டுவிட்டு வேலை செய்தார். முன் ஜன்னல்கள் முடிந்தன, ஹால் முடிந்தது. நானும் கம்பி பிடித்துக் கொடுத்தேன். கடைசியாகப் பின்பக்கம் எங்கள் படுக்கையறை ஜன்னல்.

"ஏங்க, அதுக்குப் போடாதீங்க."

"என்ன புள்ள பேசுற? வாறவன் பின்னாலதானே வருவான்."

"நாங்களும் பின்னாலதானே போவோம்."

முகத்துக் கவசத்தைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் நடந்ததை அதுவரை நான் அவரிடம் முழுசாகச் சொன்னதில்லை. அவர் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. எண்பத்து மூன்று கலவரத்தில் அவர்களுடைய லயத்து வீடுகள் பக்கம் யாரும் வரவில்லை. நாங்கள் மாத்தளைப் பக்கம், ரோட்டோரத்தில் இருந்தோம்.

அன்று கும்பலாக வந்து முன்கதவை உடைத்தார்கள், மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அப்பா என்னையும் தங்கச்சியையும் பின் ஜன்னல் வழியாகத் தூக்கி வாழைமரத்தடியில் போட்டார். பிறகு அம்மா. பிறகு அவர். அந்த ஜன்னலுக்குக் கம்பி போடச் சொல்லி அம்மா ஒரு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். அப்பா சோம்பலில் போடவே இல்லை. அந்தச் சோம்பலால்தான் நாங்கள் நாலு பேரும் உயிரோடு இருக்கிறோம்.

முற்றத்தில் நின்றபடியே இதைச் சொல்லி முடித்தேன். எனக்கு அழுகை வந்தது. கம்பி போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். அவர் மெஷினை நிறுத்தினார்.

அடுத்த நாள் இரண்டு கதவுப் பிணைச்சல் வாங்கிவந்தார். கிரில்லையே கதவு மாதிரித் திறக்கிறபடி செய்யப் போகிறாராம். முதல் தடவை சூட்டில் பிணைச்சல் உள்ளே ஒட்டிப்பிடித்துவிட்டது. நான் இழுக்கிறேன், அசையவில்லை. என் முகத்தைப் பார்த்தவர் உடனே வெட்டி எடுத்தார். மறுபடி ஈரத்துணி சுற்றி, பொட்டுப் பொட்டாக, ஆறவிட்டு ஆறவிட்டு வெல்டிங் அடித்தார். இந்த முறை திறந்தது.

பூட்டு வேண்டாம் என்றேன், சாவி தேட நேரம் இருக்காது. கீழே தாழ்ப்பாள் வைத்து, வெளியில் இருந்து கை எட்டாதபடி ஒரு தகடும் ஒட்டினார்.

"இப்ப கண்ண மூடிக்கிட்டுத் திற பாப்போம்."

"எதுக்கு?"

"பொகையா இருந்தா கண்ணு தெரியாதில்ல."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அவர் மேல் வந்த அன்பை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

கண்ணை மூடித் திறந்தேன். ஏறி வெளியே குதித்தேன். அவர் உள்ளே இருந்து எங்கள் மகனைத் தூக்கி என்னிடம் நீட்டினார். சின்னப் பிள்ளை, அவனுக்கு அது விளையாட்டு. "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று கத்தினான். இன்னொருக்காவும் செய்தோம். நல்ல காலம், அந்த ஜன்னலுக்கு நிஜமான வேலை வரவே இல்லை.

இப்போது மகன் பேராதனைப் பக்கம் வீடு கட்டியிருக்கிறான். ஜன்னலுக்கெல்லாம் பூ டிசைன் கிரில், கம்ப்யூட்டரில் வெட்டியதாம். ஒரு கோணல் கிடையாது. எல்லாம் சுவரோடு பொருத்தியது, ஒன்றுகூடத் திறக்காது.

"ஏம்மா, நம்ம பழைய வீட்டுல கிரில்லுக்குப் போயி அப்பா எதுக்குக் கதவு வச்சாரு?" என்று கேட்டான்.

"கண்ணாடி தொடைக்க லேசா இருக்கும்னுதான்" என்றேன். சிரித்துவிட்டான். இவர் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அவன் அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறான், அது போதும். அங்கே போய்த் தங்கினால் எனக்குத்தான் கண் மூடாது. எனக்கு மட்டும்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்... போன மாதம் பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், அவரும் ஜன்னலைப் பார்த்தபடி விழித்துக் கிடக்கிறார்.