நாலு ஏ சீட்டின் பழைய பின்

1. மேகத்துக்கு நடுவே ஒரு ஆபீஸ்

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் விமான டிக்கெட் போட்டேன். தப்பான தேதிக்குப் போட்டிருக்கிறேன். பெயரில் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டு ஒரு மனுஷரை ஏர்போர்ட்டில் அழ வைத்திருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கேட்டால் அதையெல்லாம் சொல்வதில்லை. செல்லையா அண்ணன் கதையைத்தான் சொல்வேன். அதில் தப்பு முழுக்க என்னுடையது.

முதலில் ஒன்று. நான் இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள். ஆனால் நான் போட்ட எல்லா டிக்கெட்டிலும் நான் போயிருக்கிறேன். சீட் மேப்பில் ஒரு கட்டத்தை அமுக்கியதும் ஒரு நிமிஷம் கண்ணை மூடி, அந்த சீட்டில் போய் உட்கார்ந்து பார்ப்பேன். இறக்கை மறைக்கிறதா, பாத்ரூம் பக்கமா, காலை நீட்ட முடிகிறதா. மத்தியானம் மூணு மணிக்கு மேல் எங்கள் ஜன்னலில் மேகம் இறங்கிவிடும். எதிர்க் கடை தெரியாது, பஸ் ஹாரன் மட்டும் எங்கிருந்தோ வரும். அப்போது கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே வெள்ளைதான். எத்தனையோ நாள் சுவிட்சர்லாந்து வரைக்கும் போயிருக்கிறேன்.

"ஏனுங்க மீனா, எந்த ஊரு மேல பறந்துட்டு இருக்கறீங்க? கொஞ்சம் கீழ எறங்கி அந்த போனை எடுங்க" என்பார் முதலாளி.

செல்லையா அண்ணன் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பத்து வயசில் இலங்கையிலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலில் வந்தவர். அவர் சம்சாரம் காமாட்சி அக்கா அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். கூடை சுமந்த முதுகு. ஆபரேஷன் ஆகி ரெண்டு ஸ்க்ரூ உள்ளே இருக்கிறது. ஒரே மகள் அயர்லாந்தில் நர்ஸ். அம்மாவை அழைத்துக்கொள்ள ஆசைப்பட்டு டாக்டரைக் கேட்டாள். படுத்துக்கொண்டு போவதானால் போகட்டும் என்றார் டாக்டர். அதனால் அம்மாவுக்கு பிசினஸ் கிளாஸ், அப்பாவுக்குப் பின்னால் சாதா சீட்டு.

அக்காவுக்கு நான் போட்டது நாலு ஏ. கண்ணை மூடி அதில் படுத்தே பார்த்தேன். சுகமாக இருந்தது.

2. ஸ்பூன்

போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்த அஞ்சாம் நாள் ரெண்டு பேரும் மாடிப்படி ஏறி வந்தார்கள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்கக்கா."

"உக்காந்துதான் வந்தேன் புள்ள. போதும்."

பிறகு அண்ணன் சொன்னார். விமானம் மேலே போனதும் அக்கா பட்டனை அமுக்கியிருக்கிறார். சீட்டு முனகியது, சாயவில்லை. பணிப்பெண் வந்து ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாள். அசையவில்லை. வேறு சீட்டும் காலி இல்லை. தலையணையாகக் கொண்டுவந்து அடுக்கினாள். மூணு மணி நேரம் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, அப்புறம் அழுதுவிட்டார். அந்தப் பெண் பயந்துபோய்ப் பின்னால் ஓடி அண்ணனைக் கூட்டி வந்தாள்.

"இந்த மனுசன் என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. நேரா தரையில உக்காந்து சீட்டுக்கு அடியில கைய விட்டுட்டாரு" என்றார் அக்கா.

"மூஞ்சியப் பாத்தா கை நடுங்கும்" என்றார் அண்ணன். "மோட்டார் சுத்துது, சத்தம் வருதுல்ல? சுத்துறத சீட்டுக்குக் கொண்டு போற பின்னு ரெண்டா ஒடஞ்சு கெடக்கு. யாரோ முன்னாடியே கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க. அந்தக் கம்பியும் அறுந்துபோச்சு. ஒடசல எடுத்துட்டு, அந்தப் புள்ளகிட்ட ஒரு ஸ்பூனு கேட்டேன். காம்பு சரியா உள்ள போச்சு. பட்டன அமுக்குன்னேன். மெதுவா சாஞ்சுது."

மிச்ச ஏழு மணி நேரம் அக்கா படுத்து வந்தார். ஆனால் அந்த மூணு மணி நேரம் முதுகில் இன்னும் இருந்தது. நடையைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் அந்த ஸ்பூனில் மயங்கிவிட்டேன். வெளியே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. முப்பதாயிரம் அடிக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரி ஃபிட்டர் தரையில் உட்கார்ந்து ஸ்பூனைச் செருகுவதை நான் கண்ணால் பார்த்தேன். "நீங்க போங்கண்ணா, நஷ்ட ஈடு வாங்காம விடறதில்ல" என்றேன்.

அன்றைக்கே இங்கிலீஷில் ரெண்டு பக்கம் எழுதினேன். அனுபவம் மிக்க தொழிலாளி என்று எழுதினேன். உங்கள் ஊழியர்களால் முடியாததைத் தன் கையால் கழற்றிச் சரிசெய்தார் என்று எழுதினேன். ஸ்பூனுக்கு ஒரு பத்தி முழுக்கக் கொடுத்தேன். அக்கா வலியில் உட்கார்ந்திருந்த மூணு மணி நேரத்துக்கு ஒரே ஒரு வரி. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

3. பதில்

மூணு வாரம் கழித்து ஏர்லைன்ஸிலிருந்து பதில் வந்தது. பயணி அனுமதி இல்லாமல் இருக்கையின் பாகத்தைக் கழற்றியதாக உங்கள் கடிதமே ஒப்புக்கொள்கிறது. இருக்கை சேதமானதற்கு அவரே காரணமாக இருக்கலாம். ஆகவே நஷ்ட ஈடு கிடையாது. அவர் இனிமேல் பயணம் செய்வது குறித்துப் பாதுகாப்புப் பிரிவு முடிவு செய்யும்.

முதலாளி படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நாம டிக்கெட் போடறவங்க. அந்தம்மாவுக்கு முதுகு வலிச்சுதுன்னு எழுதறத விட்டுப்போட்டு இந்த ஸ்பூன் கதையெல்லாம் யாருங்க உங்களக் கேட்டாங்க?"

யாரும் கேட்கவில்லை. அதுதான் விஷயம்.

அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அண்ணன் அந்தக் காகிதத்தைத் தலைகீழாகவே ரொம்ப நேரம் பிடித்திருந்தார்.

"முப்பத்தெட்டு வருசம் புள்ள. எத்தன தொரைமாரு வந்தாங்க போனாங்க. ஒரு மெமோ கெடையாது எனக்கு. நான் மிசினை ஒடச்சேன்னா எழுதியிருக்காங்க?"

"ஒடச்சிருக்கலாம்னு எழுதியிருக்காங்கண்ணா."

"ரெண்டும் ஒண்ணுதானே."

அக்கா அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார். மகள் முழுகாமல் இருக்கிறாள், ஐப்பசியில் பிரசவம், அங்கே அவளுக்கு ஒத்தாசைக்கு ஆளில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அக்கா திரும்பப் போயாக வேண்டும். மகள் வேலை பார்க்கும் இடத்தில் சலுகையில் கிடைப்பதும் அந்த ஏர்லைன்ஸ் டிக்கெட் ஒன்றுதான்.

"இவர ஒடச்சவன்னு சொன்ன ப்ளேன்ல நான் ஏற மாட்டேன். மக பெத்துக் கெடந்தாலும் ஏற மாட்டேன்" என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "காசு கீசு வேணாம் புள்ள. நான் ஒடைக்கலன்னு ஒரு காகிதம் வாங்கிக் குடு. அது போதும்."

எனக்கு அழுகையாக வந்தது. என் கை எழுதிய கடிதம். அதற்குப் பிறகு பல நாள் எந்த டிக்கெட் போட்டாலும் நான் எங்கும் போகவில்லை. கண்ணை மூடினால் நாலு ஏ நிமிர்ந்தே நின்றது.

4. பொட்டலம்

அடுத்த வாரம் அண்ணன் மட்டும் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். டீ சாம்பிள் மடிக்கிற பழுப்புக் காகிதம். மேலே பால்பாயிண்ட் பேனாவில் தேதி, சீட்டு நாலு ஏ, பின்னு ஒண்ணு, கம்பி ஒண்ணு என்று எழுதியிருந்தது.

"இது என்னங்கண்ணா?"

"ஒடசலு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ அண்ணா, இத வீட்டுக்கா கொண்டாந்தீங்க?"

"பின்ன? பழசு குடுக்காம ஸ்டோர்ல புதுசு எப்புடி தருவாங்க?"

ஃபேக்டரியில் அதுதான் முறையாம். ஒரு பேரிங் போனாலும், ஒரு போல்ட் போனாலும், ஃபிட்டர் உடைந்ததைப் பொட்டலம் கட்டித் தேதி போட்டு ஸ்டோர்கீப்பரிடம் கொடுத்தால்தான் புதியது கைக்கு வரும். பழசு இல்லை என்றால் திருடிவிட்டான் என்று அர்த்தம். அதனால் விமானத்திலும் அவர் கை தானாக உடைசலைப் பொறுக்கி, காகிதம் கிடைக்காமல் நாப்கினில் சுற்றியிருக்கிறது. இறங்கும்போது பணிப்பெண்ணிடம் நீட்டியிருக்கிறார். அவள் சிரித்துவிட்டு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அங்கிள் என்றிருக்கிறாள். கொச்சி ஏர்போர்ட்டில் இந்த விமானத்துக்கு ஸ்டோர் எங்கே என்று மூணு பேரைக் கேட்டிருக்கிறார். ஒருவருக்கும் தெரியவில்லை.

"இத மொதல்லயே ஏங்கண்ணா சொல்லல?"

"நீ கேக்கலியே புள்ள. ஸ்பூனத்தான கேட்ட."

பொட்டலத்தைப் பிரித்துப் பின்னை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். உடைந்த இடத்தில் முக்கால்வாசி கறுத்துப்போய் இருந்தது. ஓரத்தில் மட்டும் புதிதாக மின்னியது.

"கறுத்தது பழைய வெடிப்பு. எண்ணெயும் அழுக்கும் குடிச்சிருக்கு பாரு. மின்னுறது மட்டுந்தான் அன்னைக்கு ஒடஞ்சது. கம்பி கட்டினவனுக்கு இது தெரியும். தெரிஞ்சும் ஓட்டியிருக்கான்."

நான் பின்னை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு தீக்குச்சி நீளம்கூட இல்லை. அக்காவின் மூணு மணி நேரம் இதற்குள் இருந்தது.

"அண்ணா, ஃபேக்டரியில மிசின் நின்னா எப்படி எழுதிக் குடுப்பீங்க? அதே மாதிரி சொல்லுங்க" என்றேன்.

அவர் எழுந்து நின்றுகொண்டார். துரை முன்னால் நின்று சொல்லிப் பழக்கம் போல. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

மிசின்: சீட்டு நாலு ஏ. பழுது: சாய்வு வரலை. நின்ன நேரம்: மூணு மணி நேரம். அதனால் நஷ்டம்: முதுகு ஆபரேஷன் பண்ணின பொம்பளை மூணு மணி நேரம் படுக்க முடியலை. கண்ட காரணம்: பின்னில் பழைய வெடிப்பு, முன்னாடியே கம்பி கட்டு. செஞ்ச வேலை: தற்காலிகமா ஸ்பூன் காம்பு. செய்ய வேண்டியது: புது பின்னு. பழைய பின்னு கைவசம் இருக்கு, ரசீது குடுத்தா திருப்பிக் குடுக்கப்படும்.

அவ்வளவுதான். ஒரு கோபம் இல்லை, ஒரு கெஞ்சல் இல்லை. நான் என் சரக்கு எதையும் சேர்க்காமல் அப்படியே இங்கிலீஷில் மாற்றினேன். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் பின்னைப் போட்டோ எடுத்தேன். போட்டோ, போர்டிங் பாஸ், டாக்டர் சீட்டு, மூணையும் சேர்த்து அனுப்பினேன்.

நாலே நாளில் பதில் வந்தது. அந்தப் பாகத்தைக் கூரியரில் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். ரசீது தந்தால் அனுப்புகிறோம் என்று எழுதச் சொன்னார் அண்ணன். நான் தயங்கினேன். முதலாளியே, "எழுதுங்க மீனா, அவரு சொல்றதுதான் கரெக்டுங்க" என்றார். ரசீது வந்தது. பின் போனது.

5. புதுசு

அப்புறம் ஒரு மாசம் ஒன்றும் வரவில்லை. தினமும் காலையில் மெயிலைத் திறந்து பார்ப்பேன். புரட்டாசி பிறந்துவிட்டது. பிரசவ நாள் நெருங்க நெருங்க அக்காவின் பிடிவாதம் கூடியதே தவிரக் குறையவில்லை என்று அண்ணன் போனில் சொல்வார்.

ஒரு மழை நாள் மத்தியானம் கடிதம் வந்தது. போனில் சொல்ல மனசு வரவில்லை. வரச் சொன்னேன். ரெண்டு பேரும் நனைந்துகொண்டே வந்தார்கள். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

பயணி இருக்கையைச் சேதப்படுத்தவில்லை. பின்னில் முன்பே வெடிப்பு இருந்ததை எங்கள் இன்ஜினியரிங் பிரிவு உறுதி செய்கிறது. அவர் மேல் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறோம். பயணம் செய்யத் தடை எதுவும் இல்லை. நஷ்ட ஈடாக அந்த டிக்கெட் பணத்தில் ஒரு பங்கு, அல்லது அடுத்த பயணத்தில் குடும்பத்தில் ஒருவருக்கு போக வர பிசினஸ் கிளாஸ். எது வேண்டுமோ எழுதவும்.

அக்கா முதல் தடவையாக என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அண்ணனுக்கு முகம் தெளியவில்லை. "அந்தப் பின்னு?"

"என்னங்கண்ணா?"

"பழசு குடுத்தோமே. புதுசு போட்டாங்களா? இல்ல மறுபடி கம்பி கட்டியிருக்காங்களா? வேற யாராச்சும் பொம்பள அதுல உக்காந்து வருவாள்ல."

கடைசி வரியை நான் படிக்காமல் விட்டிருந்தேன். அதில் ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டேன். குனிந்து பார்த்தேன். அந்த இருக்கைக்குப் புதுப் பின் போட்டாயிற்று, மற்ற இருக்கைகளையும் சோதித்து வருகிறோம் என்று இருந்தது. சொன்னேன். அண்ணன் மெதுவாகத் தலையை ஆட்டினார். அப்போதுதான் அவர் கண் கலங்கியது.

"பணம் வேணுமா, சீட்டு வேணுமாங்கக்கா?"

அக்கா யோசிக்கவே இல்லை. "சீட்டு. இவருக்குப் போடு, என் பக்கத்துல. மறுபடி கடைசியில இருந்து ஓடி வர வேணாம்."

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். புகார் எழுதும்போது உங்கள் திறமையைக் காட்டாதீர்கள். யாருக்கு வலித்தது, எவ்வளவு நேரம், எதனால், அதை எழுதுங்கள். உடைந்தது எதுவானாலும் தேதி போட்டு எடுத்து வையுங்கள். கடைசி வரியையும் படியுங்கள்.

அக்கா சொன்னபடி அன்றைக்கே ஏர்லைன்ஸுக்கு எழுதி, ஒப்புதல் வந்ததும் டிக்கெட் போட்டேன். நாலு ஏ, நாலு பி. ஜன்னலில் மேகம் இறங்கி எதிர்க் கடை மறைந்திருந்தது. வழக்கம்போலக் கண்ணை மூடி நாலு ஏவுக்குப் போனேன். அங்கே அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில் அண்ணன் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, மோட்டார் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே இடமில்லை. நான் சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.