தேன்மொழி வெட்டிய நான்கு நிமிடம்

சேவலைப் பிடித்துக் கூடைக்குள் கவிழ்த்து, கூடை மேல் ஒரு கல்லையும் தூக்கி வைத்த பிறகுதான் தேன்மொழி போனில் பதிவு செய்யப் பேச உட்காருவாள். அதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்குப் போய், "அரை மணி நேரம் மிக்சி போடாதீங்கக்கா, உங்களக் கும்புட்டுக் கேக்கறேன்" என்று சொல்லி வந்திருப்பாள். மின்விசிறியை நிறுத்துவாள். தகரக் கூரை குரலை எதிரொலிக்கிறது என்பதால், பட்டப்பகலில் துணி வெட்டும் மேசைக்கு அடியில் நுழைந்து, தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொள்வாள். வெளியே தெரிவது இரண்டு பாதங்கள் மட்டும். ஜாக்கெட் வாங்க வந்த ஒரு பெண் அந்தப் பாதங்களைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடியதை மலை மேலிருக்கும் எடப்புளி நாட்டு ஊர்களில் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

வயது முப்பத்தாறு. கழுத்தில் அளவு டேப், உதட்டோரத்தில் இரண்டு குண்டூசி. சிரிக்கும்போதுகூட அந்த ஊசிகள் விழாது. குரல்தான் அவளுக்குப் பொருந்தாதது. கட்டைக் குரல். பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துப் பாட முன்னால் நிற்க வைத்த டீச்சர், இரண்டாவது வரியிலேயே, "நீ வாய மட்டும் அசை கண்ணு" என்றாராம். போனில் புதிதாக அழைக்கிறவர்கள் எல்லோரும் "அண்ணா" என்றே ஆரம்பிப்பார்கள். "சொல்லுங்க தம்பி" என்று இவளும் அண்ணனாகவே பேசி முடித்துவிடுவாள். ஒவ்வொருவரிடமும் திருத்திக்கொண்டிருக்க அவளுக்கு ஏது நேரம்?

கணவன் இளங்கோ போர்வெல் லாரியோடு வடக்கே போனவன். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான். மீதி நாளெல்லாம் மெஷினும் காதில் மாட்டிய ஒயரும்தான் துணை. பாட்டுக் கேட்டு அலுத்த பிறகு பாட்காஸ்ட் கேட்க ஆரம்பித்தாள். யார் யாரோ, எங்கெங்கோ உட்கார்ந்து, சமையலும் வியாபாரமும் தங்கள் விவாகரத்தும் பேசினார்கள். "எல்லா ஊரும் பேசுது. நம்ம மலையிலிருந்து ஒரு குரல் இல்லீங்களே" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தாள். யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. கடைசியில் அவளே ஆரம்பித்தாள். 'மலை மேலிருந்து' என்று பெயரும் வைத்தாள்.

கற்றுக்கொடுத்ததெல்லாம் யூடியூப் வீடியோக்கள். அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவை சொன்னதைச் சட்டம்போல எழுதி வைத்திருந்தாள். வாராவாரம் ஒரே கிழமையில் போடு. ஒரே ஒருத்தரிடம் பேசுவதாக நினைத்துப் பேசு. இடைவெளியை வெட்டு, பேச்சு நின்றால் கேட்கிறவன் போய்விடுவான். இந்தக் கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

முதல் நான்கு வாரம் மிளகுக் கொடி பற்றியும், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி பற்றியும், அளவு ஜாக்கெட் இல்லாமல் கண்ணாலேயே அளவு சொல்வது பற்றியும் பேசினாள். கேட்டவர்கள் மூன்று பேர் என்று போன் காட்டியது. அதில் ஒன்று அவளுடைய போன். இளங்கோ, "அருமையா பேசற, முழுசாக் கேட்டேன்" என்றான். எதைப் பற்றி என்று கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது.

ஐந்தாவது வாரம் குழந்தைசாமி வந்தார். மகள் சுசித்ரா இரண்டாம் வகுப்பு. யூனிபார்ம் பாவாடையின் மடிப்பைப் பிரித்து நீளமாக்க வேண்டும். மனைவி கலைச்செல்வி இறந்து எட்டு மாதமாகியிருந்தது. குச்சிக்கிழங்குக் காட்டில் விரியன் கடித்து, அடிவாரத்துக்குக் கொண்டுபோகும் வழியில் ஜீப்பிலேயே போய்விட்டாள். பாவாடையை நீட்டியபடியே அவர் அதைச் சொல்ல ஆரம்பித்தார். தேன்மொழி மெஷினை நிறுத்தினாள்.

"ஏனுங்க, இத நான் ரெக்கார்டு பண்ணிக்கட்டுங்களா? கேக்கறவங்களுக்கு நம்ம ரோடு எப்படீன்னு தெரியட்டும்."

அவர் பாவாடையை மேசை மேல் வைத்தார். "ரோட்டப் பத்தி எனக்குத் தெரியலீங்க. அவ பேரு எங்கியாச்சும் இருந்தாச் சரி."

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இறங்கினார். "நாப்பத்தி ரெண்டாவது வளைவு போர்டு தாண்டுச்சுங்க. தல என் தோள்ல சாஞ்சிருச்சு. கூப்புட்டேன். கூப்புட்டுப் பாத்தேன். பதிலில்லீங்க." அதற்கு மேல் முடியவில்லை. துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்த பிறகும் பேசவில்லை. சுவரில் மாட்டியிருந்த துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எங்கிருந்தோ திடீரென்று ஒரு சிரிப்பு. நிஜமான, வாய்விட்ட சிரிப்பு. "ஜீப்புல ஏத்தறேன், அந்நேரத்துலயும் என்னத் திட்டறாளுங்க. 'சட்டையத் திருப்பிப் போட்டுட்டு வாரீங்களே, பாக்கறவங்க என்ன நெனப்பாங்க'ன்னு."

தேன்மொழி அதை இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டினாள். அழுகையும் மௌனமுமாக நடுவில் நான்கு நிமிடம் இருந்தது. அந்த அழுகை அவருடையது, அதை ஊருக்குப் போட்டுக் காட்டக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. மௌனத்துக்கு நோட்டிலேயே சட்டம் இருந்தது. வெட்டிய இடம் தெரியாமல் பேச்சு பேச்சோடு ஒட்டிக்கொண்டது. துணியில்கூடத் தனக்கு இவ்வளவு சுத்தமாகத் தையல் விழுந்ததில்லை என்று நினைத்தாள். போனில் இடமில்லை என்று எழுத்து வரவும், முழுப் பதிவை அழித்துவிட்டு, வெட்டியதை மட்டும் வைத்துக்கொண்டாள்.

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு நடந்துபோய் அதை ஏற்றினாள். மறுநாள் எண்பது பேர் கேட்டிருந்தார்கள். அதற்கடுத்த நாள் அறுநூறு. வாரம் முடிவதற்குள் இரண்டாயிரத்தைத் தாண்டியது. 'உங்கள் குரலுக்காகவே கேட்கிறேன் அண்ணா' என்று ஒருவர் எழுதியிருந்தார். அன்று மேட்டிலிருந்து இறங்கும்போது அவள் வாய்விட்டுப் பாடிக்கொண்டு வந்ததாகச் சொல்கிறார்கள்.

ஒன்பதாம் நாள், விடிகாலை பஸ்ஸில் ராஜதுரை மலையேறி வந்தார். கலைச்செல்வியின் அண்ணன், அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் கட்டட மேஸ்திரி. யாரோ அந்தப் பேச்சிலிருந்து அரை நிமிடத்தை மட்டும் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். தல சாஞ்சிருச்சு, கூப்புட்டேன், பதிலில்லீங்க. உடனே சிரிப்பு. அதோடு முடிந்துவிட்டது. டீக்கடையில் நாலு பேர் நடுவில் அவர் அதைக் கேட்டிருக்கிறார். குழந்தைசாமியிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சுசித்ராவின் துணியையும் புத்தகப் பையையும் எடுத்தார். பிள்ளையின் கையைப் பிடித்து அதே பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்.

விஷயம் தெரிந்ததும் தேன்மொழி கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு முள்ளுக்குறிச்சிக்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். ராஜதுரை அவளைத் திட்டவில்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"நடுவுல நாலு நிமிசம் அழுதாருங்கண்ணா. நான்தானுங்க வெட்டிட்டேன். தப்பு என்னுதுங்க."

"சரி. அந்த நாலு நிமிசத்தப் போடுங்க. கேக்கறேன்."

அவர் எதிரில் உட்கார்ந்து, கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். கேட்பதற்குத் தயாராகத்தான் இருந்தார். தேன்மொழி போனைக் கையில் வைத்துக்கொண்டு, அழித்ததெல்லாம் போய்ச் சேரும் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தாள். அதிலும் எதுவும் இல்லை.

"இல்லீங்களா?" என்றார் ராஜதுரை.

"இல்லீங்க."

"அப்ப நான் கேட்டதுதானுங்க இருக்குது" என்று எழுந்துகொண்டார். உள்ளே சுசித்ரா வாய்ப்பாடு படிப்பது கேட்டது.

அன்றைக்கே 'மலை மேலிருந்து' என்ற பெயரோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். அந்த அரை நிமிடத்தை அவளால் எடுக்க முடியவில்லை. அது யார் யார் போனிலோ இருக்கிறது. சில நாள் கழித்து, பஸ்ஸுக்குள் பின் சீட்டில் யாரோ அதைப் போட்டார்கள். முன் சீட்டில் இருந்த அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

குழந்தைசாமி வீட்டுக்கு மூன்று தடவை போனாள். மறுபடியும் ஒருமுறை பேசுங்கள், முழுசாகவே போடுகிறேன் என்று கெஞ்சினாள். மூன்றாவது தடவை அவர் சம்மதித்து உட்கார்ந்தார். நாற்பத்தி இரண்டாவது வளைவு வரை வந்தார். அங்கே நின்றார். அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

"நிறுத்திருங்க" என்றார். "நானும் அத நெறையத் தடவ போட்டுக் கேட்டனுங்க. அவ தல சாயுது, நான் சிரிக்கறேன். கேட்டுக் கேட்டு, அன்னிக்கு நான் அழுதனான்னே எனக்குச் சந்தேகமா இருக்குது. நீங்க பக்கத்துல இருந்தீங்களே சாமி, நான் அழுதனுங்களா?"

"அழுதீங்க."

"நெசமாங்களா?"

"நெசமாங்க." அவர் நம்பினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. நீளமாக்கிய பாவாடையைக் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் அதை வாங்கி, மடித்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

கடை நடக்கிறது. ஆறு மாதமாகிவிட்டது. போனை எடுத்தால், பதிவு செய்கிறாளோ என்று வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்பதால், மணி பார்க்கக்கூட அதைத் தொடுவதில்லை. இந்த வாரம் பழைய வாடிக்கைக்காரி ராமாயி வந்தாள். ஜாக்கெட் பிட்டை மேசை மேல் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மகள் வீட்டிலிருந்து நேராக வருகிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"உன்கிட்டச் சொன்னாத்தான் கண்ணு எனக்கு ஆறும். போன மாசம் எம்புள்ள..." என்று ஆரம்பித்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

தேன்மொழி நிமிரவில்லை. இரண்டு காலாலும் பெடலை மிதித்தாள். மெஷின் தடதடவென்று ஓடியது. ராமாயியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஊசிக்குக் கீழே துணி இல்லை.