மலைக்குக் கட்டிய பை

போன வசந்தகாலத்தில் மகளுக்கு ஒரு வயதானது. என் பிரசவ விடுமுறையும் அதோடு முடிந்தது. திங்கட்கிழமை காலை அவளை இங்கே ரொறன்ரோவில், எங்கள் ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் பிள்ளைகளைப் பார்க்கும் ஓர் அக்காவின் வீட்டில் விட்டுவிட்டு நான் வேலைக்கு பஸ் ஏற வேண்டும். எழுதும்போது சின்ன வேலைபோலத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வருடத்தில் அவளை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நான் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. கணவர் வைத்திருக்கும்போதுகூடக் குளியலறைக் கதவைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளித்தேன்.

அந்த அக்காவின் வீட்டைப் போய்ப் பார்த்திருந்தோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"நீர் இன்னும் யோசிச்சுக் கொண்டிருக்கிறீரோ?" என்று கணவர் கேட்பார்.

"இல்லை," என்பேன். யோசித்துக்கொண்டேதான் இருப்பேன்.

அந்த வாரம் ஸ்காபரோ முழுக்க மூடுபனி. ஏரிப் பக்கமிருந்து வந்து தெருவை மூடி, எதிரே இருந்த மாடிக் கட்டடங்களை இடுப்பளவில் கரைத்துவிட்டிருந்தது. மேல்தளங்கள் மட்டும் வெள்ளையில் மிதந்தன. மகள் என் தோளில் நித்திரை. அவளை இறக்கினால் எழும்பிவிடுவாள் என்று யன்னலோரமே அசைந்துகொண்டு நின்றேன். கீழே பஸ் மூச்சுவிட்டு நிற்பது கேட்டது, பஸ் தெரியவில்லை. எங்கேயோ சின்ன மணிச்சத்தம். யாரோ பல்கனியில் கட்டிவைத்த காற்றுமணியாக இருக்கலாம். எனக்கு அது ஆட்டுக் கழுத்து மணியாகக் கேட்டது. அதோடு மலை நினைவுக்கு வந்துவிட்டது.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் ஒரு தவணைக்கு டெல்லிக்குப் போய்ப் படித்தேன். அடையாள அட்டையில் வெளிநாட்டு மாணவி என்று இருந்தது. முகத்தில் அப்படி எதுவும் இல்லாததால் எல்லோரும் என்னோடு ஹிந்தியில் பேசினார்கள், நான் விழித்தேன். விடுமுறையில் இமயமலை அடிவாரத்தில் நடக்கப் போவேன் என்று இங்கிருந்து புறப்படும் முன்பே வீட்டில் சொல்லியிருந்தேன்.

"இமயமலையெண்டா ஐஸ்தானேடி," என்றார் அம்மா. "ஸ்காபரோக் குளிருக்கே உனக்குச் சளி பிடிக்குது."

"அடிவாரம், அம்மா. அங்க வெயில்."

"ஆர் சொன்னது? நீ போய்ப் பாத்தனியோ?"

"நீங்கள் பாத்தனீங்களோ?"

"படத்தில பாத்தனான். ஒரே வெள்ளை."

அப்பா சோபாவில் இருந்தபடியே, "ஸ்னோ பூட்ஸையும் வையுங்கோ," என்றார்.

எங்கள் ஆட்கள் வெயில் ஊரிலிருந்து இந்த ஊருக்கு மெல்லிய பருத்திச் சட்டையோடு வந்து இறங்கி, விமானநிலைய வாசலிலேயே நடுங்கியவர்கள். அதன் பிறகு குளிர் விஷயத்தில் அவர்கள் யார் சொல்வதையும் நம்புவதில்லை. எனவே என் முதுகுப்பைக்குள் ரொறன்ரோவின் முழுப் பனிக்காலமும் போனது: பெரிய ஜக்கெற், பனிக்காற்சட்டை, பனிச்சப்பாத்து, கம்பளிக் கையுறை. நானோ சொன்னதைக் கேட்கும் பிள்ளை. ஒன்றையும் எடுத்து வெளியே வைக்கவில்லை.

குமாவுன் மலையடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கோதுமை முற்றும் வெயில். அறைத்தோழி ஒரு ஜெர்மன்காரி. அவளுடைய பையில் மாற்றுச் சட்டை ஒன்றும் ஒரு பழைய தண்ணீர்ப் போத்தலும் இருந்தன. என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளே யார் இருக்கிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அந்த நாட்களை இப்போது வரிசைப்படுத்த முடியவில்லை. எது முதல், எது பிறகு என்று தெரியவில்லை. ஊசியிலை மரங்களுக்குள் ஒளி சரிந்து விழும். சிவப்புப் பூக்கள் பாதை முழுக்கக் கொட்டிக் கிடக்கும், மிதிக்க மனம் வராமல் ஓரமாக நடப்பேன். படிப்படியாக இறங்கும் வயல்களின் அடியில் ஆறு ஒரு நூல் மாதிரிக் கிடக்கும். அதிகாலையில் மட்டும், மேகத்துக்கும் மேலே, அங்கே எதுவும் இருக்க நியாயமில்லை என்று தோன்றும் உயரத்தில் பனிமலை தெரியும். தேநீர் குடித்து முடிப்பதற்குள் மறைந்துவிடும். அம்மா படத்தில் பார்த்த வெள்ளை அங்கேதான் இருந்தது. நாங்கள் கீழே வேர்வையில் நனைந்துகொண்டிருந்தோம்.

ஒரு நாள் மழை பெய்து ஓய்ந்த பிறகு ஒரு கிராமத்திலிருந்து கீழே தார் வீதிக்கு இறங்கினோம். பைச் சுமையால் நான் பின்தங்கினேன். வீதியில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு தோழி முன்னால் போனாள். அவள் போன திசையிலிருந்தே மூடுபனி ஏறி வந்தது. காய்ந்த ஊசியிலைகள் மழையில் நனைந்து எண்ணெய் பூசியதுபோல வழுக்கின. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் நான் பையோடு குந்திவிட்டேன். எழும்பினால் பை என்னைப் பின்னால் இழுத்தது.

மேலிருந்து வளையல் சத்தம் வந்தது. பிறகு ஒரு புல்லுக்கட்டு வந்தது. பிறகுதான் அதன் அடியில் அவள் தெரிந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். புல்லுக்கட்டைத் தாங்கிய கயிறு அவளுடைய நெற்றியில் ஓடியது. மார்பில் சால்வையால் கட்டிய குழந்தை. அதன் நெற்றியோரம் பெரிய கறுப்புப் பொட்டு. எங்கள் வீடுகளில் வைப்பதுபோலவே, அழகைக் கெடுப்பதற்கென்றே வைத்த பொட்டு.

அவள் என்னைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். அதன் வாய் திறந்திருந்த இடத்தால் பனிச்சப்பாத்தை இழுத்து எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். என்னவோ சொன்னாள். எனக்குத் தெரிந்த ஹிந்தி கடையில் சாமான் வாங்க மட்டும் போதுமானது. அவள் குனிந்து, என்னைக் கொண்டே பையைத் தூக்க வைத்து, தன் புல்லுக்கட்டின் மேல் கட்டிக்கொண்டாள். வேண்டாம் வேண்டாம் என்று நான் தமிழில் சொன்னேன். அந்தச் சுமையோடு இனி அவள் நன்றாக முன்குனிந்துதான் நடக்க வேண்டும். மார்பில் குழந்தைக்கு இடமில்லை.

அவள் சால்வையை அவிழ்த்தாள். குழந்தையை என் முதுகில் வைத்தாள். நான் தலையை ஆட்டி மறுத்தேன். நான் வீட்டில் கடைசிப் பிள்ளை. ஒரு குழந்தையையும் அதுவரை தூக்கியதில்லை. அவள் கேட்கவில்லை. புகையும் பாலும் மணத்த அந்தச் சால்வையை என் மார்பில் குறுக்காக இழுத்து முடிந்துவிட்டு நடக்கத் தொடங்கினாள்.

நான் பின்னால் நடந்தேன். குழந்தையின் மூச்சு என் பிடரியில் பட்டது. மூச்சு நின்றுவிட்டதோ என்று அடிக்கடி கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினேன். அது என் காதைப் பிடித்துக்கொண்டது. "விழமாட்டம், விழமாட்டம்," என்று அதற்குச் சொன்னேன். அதைக் கேட்டபடியே அது நித்திரையாகிவிட்டது. அவள் மூடுபனிக்குள் மங்கலாகிப் பிறகு மறைந்தே போனாள். வளையல் சத்தம் மட்டும் முன்னால் போனது. நான் வழுக்கி நின்ற இடங்களில் அந்தச் சத்தமும் நின்றது. சுமையைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தேன். ஒருமுறைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தார் வீதியில் தோழி நின்றாள். என் முதுகை எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் குழந்தையை வாங்கிக்கொண்டு பையைத் தந்தாள். முதுகில் குழந்தை இருந்த இடம் சட்டென்று குளிர்ந்தது.

யன்னலோரம் மகளோடு நின்றபோது எனக்கு அந்தப் பெண்தான் விளங்கவில்லை. நான் அவளுக்குப் பெயர் தெரியாத ஒருத்தி, பேச்சு விளங்காத ஒருத்தி, நடக்கவே தெரியாத ஒருத்தி. என் முதுகில் பிள்ளையைக் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் எப்படிப் போனாள்? ஒருவேளை பார்த்திருப்பாள்; நான் என் காலையே பார்த்துக்கொண்டு நடந்ததால் கண்டிருக்கமாட்டேன். இல்லை, அவளுக்குப் பயமென்பதே இல்லையோ. அல்லது பயம் எனக்கு மட்டும் கூடிப்போனதோ. எந்த விடையிலும் மனம் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மகளின் பையைக் கட்டினேன். மழை பெய்தால் ஓர் உடுப்பு, வெயில் எறித்தால் ஒன்று, குடித்த பாலைச் சத்தி எடுத்தால் மூன்று. டயப்பர், காய்ச்சல் மருந்து, இரண்டு போர்வை. வசந்தத்திலும் திடீரென்று பனி கொட்டும் ஊர் இது என்று பனிச்சட்டையையும் வைத்தேன்.

"ஒரு நாளைக்குத்தானே விடுறம்?" என்றார் கணவர்.

"குளிர் வந்தா?"

அவர் பையைத் தூக்கிப் பார்த்தார். "குளிர் வந்தாலும் இதைத் தாண்டி உள்ள வராது," என்றார்.

திங்கட்கிழமை காலை வோபர்னில் அந்த அக்காவின் வாசலில் நின்றோம், நானும் மகளும் பையும். கணவர் அதிகாலையிலேயே வேலைக்குப் போயிருந்தார். உள்ளே இன்னொரு பிள்ளை கரண்டியால் எதையோ தட்டிக்கொண்டிருந்தது. அக்கா பையை வாங்கினார். கை கீழே போய்விட்டது.

"என்ன தங்கச்சி, பிள்ளை இமயமலைக்கோ போறா?"

நான் மகளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். அவர் பையைத் திறந்து ஓர் உடுப்பு, கொஞ்ச டயப்பர், போத்தல், மருந்து எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தார். மிச்சத்தை மூடி என்னிடமே நீட்டினார்.

"உந்தப் பையை நீங்கள் கொண்டு போங்கோ. பிள்ளையைத் தாங்கோ."

மகளை விடாமல் பையை வாங்க முடியாது. அவருடைய கை நீண்டபடியே இருந்தது. நான் பையை வாங்கிக்கொண்டேன். மகளைக் கொடுத்தேன்.

கதவு மூடியதும் அழுகை தொடங்கியது. நான் படியில் நின்றேன். உள்ளே போகவில்லை, இறங்கவுமில்லை. அழுகை ஏறியது. "ஓமோம், அம்மா வருவா, ஓம்," என்று அக்காவின் குரல் வீட்டுக்குள் நடந்து போனது. அழுகை இறங்கியது, மறுபடி ஏறியது, பிறகு விக்கலானது. கரண்டித் தட்டல் மறுபடி தொடங்கியது. அந்தத் தட்டலுக்கு மேலாக மகள் ஏதோ ஒரு சத்தம் போட்டாள். அது அழுகை இல்லை.

என் காதுகள் அந்தக் கதவோடு ஒட்டியிருந்தன. அப்போதுதான் வளையல் சத்தம் நினைவுக்கு வந்தது. நான் நின்றபோதெல்லாம் நின்ற சத்தம். அவள் சுமையைச் சரிசெய்யவில்லை. என் காலடியைக் கேட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள், ஒவ்வோர் அடியையும். திரும்பிப் பார்க்க அவளுக்குத் தேவையிருக்கவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் படியிறங்கினேன். பஸ்ஸில் யன்னலோர இருக்கை கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டேன். இறங்கும் இடம் வந்தபோதுதான் கவனித்தேன், அவ்வளவு தூரமும் அதை மெல்லத் தட்டிக்கொண்டே வந்திருக்கிறேன்.