ஜவ்வரிசிக்கு என்ன சைஸ்?

இன்னும் கோபம் அடங்கவில்லை.

ஆன்லைன் கடை திறக்க எந்தத் தளம் நல்லது என்று இந்தக் குழுவில் கேட்டிருந்தேன் அல்லவா? அதைப் பார்த்துவிட்டு அப்படி ஒரு தளம் நடத்தும் நிறுவனத்தின் ஆள் இன்று சூரமங்கலத்தில் என் ஜவ்வரிசிக் கடைக்கே வந்துவிட்டார்.

அவர் லேப்டாப்பில் காட்டியதெல்லாம் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் சைஸும் கலரும் போடாமல் எந்தப் பொருளையும் சேர்க்க முடியவில்லை.

"தம்பி, இதென்ன சுடிதாரா? நைலான் ஜவ்வரிசி, மாவு ஜவ்வரிசின்னு ரெண்டு இருக்குது. எது பாயசத்துக்கு, எது வத்தலுக்குன்னு எழுதோணும். மாத்தி வாங்கிட்டா காய்ச்சுன கூழெல்லாம் வீணாப் போயிரும். அதை எங்க எழுதறது?"

"அதுக்கெல்லாம் இடம் இல்லீங்க்கா. சைஸ் ஸ்மால், கலர் வெள்ளைன்னு போட்டு உடுங்க. சனங்க அதெல்லாம் படிக்க மாட்டாங்க."

படிக்க மாட்டார்களாம்! தினமும் போனில் என்னிடம் அதைத்தானே கேட்கிறார்கள்! உங்கள் தளமே வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

வண்டி வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். "ஏனுங்க்கா, ஊட்ல அம்மா வத்தல் போடோணும்னு சொன்னாங்க. எந்த ஜவ்வரிசிங்க வாங்கறது?"

"சைஸ் ஸ்மால், கலர் வெள்ளை" என்றேன்.

ஜவ்வரிசிக்குச் சைஸ் கேட்காத தளம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.