எழிலரசியின் போனும் மாதேஸ்வரனின் ஐடியும்

எழிலரசிக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. உடைத்தது அவள் புருஷன் மாதேஸ்வரனின் கை. அவளைக் காட்டிக்கொடுத்தது அவள் கையிலிருந்த போன். எதன்மேல் எனக்குக் கோபம் அதிகம் என்று கேட்டால் போன்மேல்தான் என்பேன். கைக்காவது ஜெயில் உண்டு.

நான் ஹுமேரா. அதியமான்கோட்டையில் மெயின் ரோட்டை ஒட்டித் தையல் கடை வைத்திருக்கிறேன். எழிலரசி இண்டூரிலிருந்து பஸ் ஏறி என் கடைக்கு வேலைக்கு வருவாள். நைட்டி, பாவாடை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் அவள் மெஷினில்தான் ஓடும். கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். வாடிக்கைக்காரிகளின் மாமியாரைப்போல நடித்துக் காட்டுவாள், பாபின் கழன்றால் பாபினைத் திட்டுவாள். நான் கடைக்கு ரேடியோ வாங்காமல் இருந்ததற்கு அவள்தான் காரணம்.

அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூன்றாவது உண்டானபோது ஒரு நாள் கார் வந்தது. கண்ணைத் துண்டால் கட்டி எங்கேயோ கொண்டுபோனார்கள். வயிற்றில் குளிர்ச்சியாக எதையோ தடவி மெஷினை உருட்டினார்கள். ஒருத்தன் மாதேஸ்வரனின் காதில் ஏதோ சொன்னான். திரும்பி வந்ததும் மாமியார் கோவிந்தம்மாள் மாத்திரை கொடுத்தாள். விழுங்க மறுத்தவளின் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் போட்டாள். அதற்குப் பிறகு அவள் உதிரம் கொட்டக் கிடந்ததை நான் இங்கே விவரமாக எழுதப்போவதில்லை. கடைக்குத் திரும்பி வந்தபோது அவள் பேசவே இல்லை. ரேடியோ வாங்கிவிடலாமா என்று நான் யோசித்தது அப்போதுதான்.

பிறகு ஒரு நாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள். "அடுத்தது நின்னா யார்கிட்டயும் சொல்லமாட்டன்க்கா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்ற மாசம் வர்ற வரைக்கும் வாயத் தெறக்கமாட்டன்."

சொன்னபடியே செய்தாள். அடுத்தது நின்றபோது என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு நாள் அவள் ஜாக்கெட்டின் சைடு தையலைப் பிரித்து விட்டிருந்ததைப் பார்த்தேன். தையல்காரிக்கு அது போதும். நானும் கேட்கவில்லை. மத்தியானச் சோற்றில் என் முட்டையை அவள் டப்பாவுக்கு மாற்ற ஆரம்பித்தேன், அவள் புரிந்துகொண்டாள்.

வீட்டில் எப்படி மறைத்தாள் என்பதுதான் இந்தக் கதையின் முடிச்சு. அவள் வீட்டில் மாதவிலக்கு வந்த பெண் மூன்று நாள் உள்ளே வரக்கூடாது. மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு, அதில் ஒரு பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. மருமகளின் தேதி கோவிந்தம்மாளுக்கு மனப்பாடம். அது தள்ளிப்போனால் அன்றைக்கே குட்டு உடைந்துவிடும். அதனால் எழிலரசி மாசாமாசம் தேதி வந்ததும் தானே பாயைத் தூக்கிக்கொண்டு சாய்ப்புக்குப் போய்விடுவாள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு தீட்டு என்று ஒதுங்கி உட்கார்ந்திருப்பாள். மாமியார் எட்டி நின்று குச்சியால் தட்டைத் தள்ளிவிட்டுப் போவாள். தொட மாட்டார்கள், கிட்டவும் வரமாட்டார்கள். நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது.

ஆனால் அந்த மூன்று நாளும் அடுப்பைத் தொடக்கூடாது, தையல் மெஷினையும் தொடக்கூடாது என்பது மாமியாரின் சட்டம். கடைக்கும் வரமாட்டாள். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாத சாய்ப்பில் கையில் இருந்தது போன் ஒன்றுதான். நாலாம் மாசம் என்ன சாப்பிடலாம், கால் வீங்கினால் பரவாயில்லையா, குழந்தை எப்போது அசையும் என்று தேடித் தேடிப் படித்தாள். தூரமாகி ஒதுங்கியிருப்பதாக ஊருக்குக் காட்டிக்கொண்டு, அதே பாயில் உட்கார்ந்து வயிற்றுப் பிள்ளையைப் பற்றிப் போனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். போனுக்குக் கோலம் போட்டுத் திறக்கிற பூட்டு வைத்திருந்தாள். மாமியார் வரும் சத்தம் கேட்டால் திரையை அணைத்துவிடுவாள். திரையை யாரும் பார்க்காவிட்டால் போதும் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். எங்கள் பக்கம் பெண்ணுக்குப் போன் வாங்கும்போது கடைக்காரர் மெயில் ஐடி கேட்பார், புருஷன் தன் ஐடியைச் சொல்லிவிடுவான். ரேஷன் கார்டுபோல வீட்டுக்கு ஒரு ஐடி. என் போனும் என் வீட்டுக்காரர் கவுஸ் பாஷா ஐடியில்தான் இருந்தது. ஒரே ஐடியில் இரண்டு போன் ஓடினால், ஒன்றில் தேடுவது இன்னொன்றிலும் போய் நிற்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

மாதேஸ்வரன் தக்காளி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். மண்டியில் லோடு இறக்கும்வரை வீடியோ பார்த்துக்கொண்டிருப்பான். அன்றைக்கு நடுவில் குழந்தைக்குத் தேய்க்கிற எண்ணெய் விளம்பரம் வந்தது. அது போனதும் தொட்டில் வந்தது. பக்கத்தில் இருந்தவன், "என்ன மாமா, வூட்ல விசேசமா?" என்று கேட்டிருக்கிறான். மாதேஸ்வரன் சிரித்துவிட்டு வேறு ஏதோ தேடலாம் என்று தேடும் இடத்தைத் தொட்டான். அவன் தேடாததெல்லாம் அங்கே வரிசையாக நின்றது. முதல் வரியே 'நாலாம் மாசம் குழந்தை அசைவு எப்போது தெரியும்'.

மிச்ச லோடை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். அன்று மூன்றாம் நாள், எழிலரசி சாய்ப்பில் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். தட்டு பறந்தது. மாட்டுக் கயிற்றை அவிழ்த்து இரட்டையாக மடித்து அடித்தான். அவள் சுவர் மூலையில் வயிற்றை ஒடுக்கிக்கொண்டு சுருண்டு, முதுகை மட்டும் அவனுக்குக் கொடுத்தாள். முதுகுத் தோல் உரிந்தது. திருப்பப் பார்த்தான், திரும்பவில்லை. காலால் மிதித்தபோது விலா எலும்பில் ஏதோ சத்தம் கேட்டதாம்.

"நீ தேடுனதெல்லாம் எம் போன்ல வருதுடி" என்று கத்திக் கத்தி அடித்திருக்கிறான்.

இதை எல்லாம் அவள் பின்னால் என்னிடம் அழாமல் சொன்னாள். ஒரே ஒரு இடத்தில்தான் உடைந்தாள். "தீட்டுன்னு என் தட்டக்கூடத் தொடாத எங்க மாமியா, அது பொய்யின்னு தெரிஞ்ச நிமிசமே ரெண்டு கையாலயும் முடியப் புடிச்சாங்கக்கா."

மாதேஸ்வரன் அங்கேயே நின்று, போன தடவை ஸ்கேனுக்குக் கார் அனுப்பிய புரோக்கருக்குப் போன் போட்டான். அடுத்த நாள் மத்தியானம் கார் வரும் என்று ஏற்பாடு. காலையில் வழக்கம்போலக் கடைக்குப் போய் உட்கார், காணோம் என்றால் அந்த ஹுமேரா தேடிக்கொண்டு வருவாள், கார் கடைக்கே வரும் என்றான். போனைப் பிடுங்கவில்லை. போன் அவளிடம் இருக்கும்வரை அவள் எங்கே இருக்கிறாள் என்று மேப்பில் புள்ளி காட்டும். வாயைத் திறந்தால் பெண்கள் இரண்டையும் கிணற்றில் போட்டுவிடுவேன் என்றான். அதனால் மறுநாள் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, டீச்சரிடம், "நான் வந்தாத்தான் அனுப்பணும் டீச்சர், வேற யார் வந்தாலும் அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

கடைக்கு வந்தவள் முகத்தில் பவுடரை அப்பியிருந்தாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார முடியவில்லை. நான் ஜாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தேன். பார்த்ததும் என் வாயில் வந்த வார்த்தைகளை ரம்ஜான் மாசத்தில் சொல்லியிருக்கக் கூடாது.

அவள் என்னைக் கத்தவிடவில்லை. போனை நீட்டினாள். "என்னுது அவுரு போன்ல வருதுன்னா, அவுருது என்னுதுலயும் வரணும் இல்லக்கா? பஸ்ல வரும்போது பாத்தன்."

மேப்பில் அவள் தேடாத இடம் ஒன்று இருந்தது. பாலக்கோடு ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தேங்காய் மண்டி. புரோக்கர் அனுப்பிய இடத்தை மாதேஸ்வரன் தன் போனில் திறந்து பார்த்திருக்கிறான், அது இவள் போனிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"போன தடவ கண்ணக் கட்டித்தான் கூட்டிப்போனாங்க. ஆனா மட்ட ஊறுன நாத்தம் அடிச்சுது. பக்கத்துல உரிக்கிற சத்தம் கேட்டுது. இதுதான்க்கா அது."

அவள் போன் திரையை என் போனில் படம் எடுத்துக்கொண்டேன். கடையைச் சாத்திவிட்டு ஆட்டோ பிடித்தோம், தருமபுரி மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்கு. அவசரத்தில் அவள் போனை அணைக்க மறந்துவிட்டோம். கடையில் நிற்கவேண்டிய புள்ளி ரோட்டில் நகர்வதை மாதேஸ்வரன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

டவுனுக்குள் நுழையும் இடத்தில் அவன் லோடு ஆட்டோ எங்களுக்குக் குறுக்கே வந்து நின்றது. அவளை முடியைப் பிடித்துக் கீழே இழுத்தான். வாயில் ஒரு குத்து. பல் தார் ரோட்டில் விழுந்தது, ரத்தம் தாவணிபோல நெஞ்சில் வழிந்தது. இரண்டாவது குத்து வயிற்றுக்குக் குறிவைத்து வந்தது, அவள் இரண்டு முழங்காலையும் மடக்கி வாங்கினாள். சுற்றிலும் கூட்டம். இத்தனை ஆம்பளைகளில் ஒருத்தன் கையும் அவனைத் தடுக்க நீளவில்லை, வீடியோ எடுக்க மட்டும் நீண்டது. என் பையில் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல் இருந்தது. பயமுறுத்த எடுத்தேன் என்று போலீஸில் சொன்னேன். குத்தத்தான் எடுத்தேன். தோளுக்குக் கீழே இறங்கியது. அவன் அலறினான், அந்த அலறல் எனக்கு நன்றாக இருந்தது.

அவன் என் பக்கம் திரும்புவதற்குள் எழிலரசி எழுந்துவிட்டாள். வாய் நிறைய ரத்தத்தோடு அவன் குத்துப்பட்ட தோளில் ஓங்கி ஓங்கி அடித்தாள். போன தடவை கலைத்த பிள்ளைக்கு, மாத்திரைக்கு, கயிற்றுக்கு என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். அவன் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த வாக்கில், கீழே கிடந்த அவள் போனை எடுத்து ஆத்திரத்தில் ரோட்டில் அடித்துச் சுக்குநூறாக்கினான். அதில் இருந்த இடம் அழிந்துவிட்டது என்று நினைத்திருப்பான். அழிந்தது அவனுக்கு வழிகாட்டிய புள்ளி. படம் என் போனில் பத்திரமாக இருந்தது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அம்மா என் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். "துணி வெட்டறதுதானே?" என்றார். "ஆமாங்க மேடம், எப்பவும் துணிதான்" என்றேன். பிறகு சுகாதாரத் துறை ஆட்களோடு தேங்காய் மண்டிக்குப் போனார்கள். மூட்டைகளுக்குப் பின்னால் மெஷின் இருந்தது, புரோக்கர் இருந்தான். கட்டிலில் புடவையை ஏற்றிக் கட்டிக்கொண்டு, கண்ணில் துண்டோடு வேறொருத்தி படுத்திருந்தாள்.

மாதேஸ்வரன் சில மாசம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். என் கடைக்கு எதிரில் வந்து நிற்பான். எழிலரசி பெண்களோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று எழுதமாட்டேன். புதுப் போன் வாங்கப்போனபோது கடைக்காரர், "வீட்டுக்காரர் ஐடி சொல்லும்மா" என்றிருக்கிறார். "எம் பேர்ல புதுசா ஒண்ணு போடுங்க" என்றாளாம். இடத்தைக் காட்டவா, தேடியதைச் சேர்த்து வைக்கவா, உங்களுக்கு ஏற்ற விளம்பரம் தரவா என்று போன் கேட்ட எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றே அழுத்தினாள். நானும் அன்றைக்கே தனி ஐடி போட்டுக்கொண்டேன். "என்னாத்துக்கு? நான் என்ன பண்ணேன்?" என்று கவுஸ் பாஷா பாவமாகக் கேட்டார். "இனிமேலும் ஒண்ணும் பண்ணாம இருங்க" என்றேன்.

குழந்தை அரசு ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தது. தடுப்பூசித் தேதியை நினைவுபடுத்த எழிலரசி போனில் ஒரு ஆப்பை இறக்கினாள். அது முதலில் கேட்டதே ஆணா, பெண்ணா என்றுதான். அவள் அதைத் தாண்டிப் போய்விட்டாள்.

போன வாரம் கோவிந்தம்மாள் என் கடை வாசலுக்கு வந்தாள். மருமகள் எப்படி இருக்கிறாள், பல் கட்டினாளா, பேத்திகள் படிக்கிறார்களா, ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன கொழந்தன்னு மட்டும் சொல்லு தாயி. வேற ஒண்ணும் வேணாம்."

கையில் கத்தரிக்கோல் இருந்தது. மேசைமேல் வைத்துவிட்டேன்.

"அழுவுது, பால் குடிக்குது, தூங்குது. அவ்ளோதான்" என்றேன்.

இதைப் படிக்கிற நீங்களும் இந்நேரம் அதைத்தான் கேட்க நினைத்திருப்பீர்கள். உங்களுக்கும் அதே பதில்தான்.